எத்தனை நூல்?

2016 ஆவணியில் ஒரு நாள் பார்லரில் இருந்து அழுதபடி வீட்டுக்கு வந்தேன். அம்மா என் முதுகைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் குசினிக்குள் போய்விட்டார். முற்றத்தில் யன்னல் நிலை ஒன்றுக்குச் சீவுளி பிடித்துக்கொண்டிருந்த அப்பாதான் நிமிர்ந்து கேட்டார்.

"எத்தனை நூல் வெட்டச் சொன்னனீ?"

"கொஞ்சம் எண்டு சொன்னன் அப்பா."

"கொஞ்சம் எண்டு ஒரு அளவு இருக்கோ பிள்ளை? நானும் கொஞ்சம் எண்டு சீவினால் கதவு நிலைக்குள்ளை நிக்குமோ?"

அப்பா தச்சுவேலை செய்கிறவர். ஒரு இஞ்சிக்கு எட்டு நூல் என்பது அவருக்கு வேதவாக்கு. ஒரு நூல் என்றால் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீற்றர். அன்று எனக்கு ஆத்திரம்தான் வந்தது. தலைமயிரை யாராவது நூல் கணக்கில் வெட்டுவார்களா? இன்று நான் அப்படித்தான் வெட்டுகிறேன். வேறு எந்த அளவிலும் வெட்ட விடுவதில்லை.

நடந்தது இதுதான். மச்சாளின் கலியாணத்துக்கு இரண்டு நாள் இருந்தது. கிளிநொச்சி டவுனில் ஒரு பார்லரில் போய் இருந்து, "நுனி மட்டும் அக்கா, நீளம் குறையக் கூடாது" என்றேன். அவ தலையை நன்றாக நனைத்து, வாரி, ஒரு பக்கம் வெட்டினா. பிறகு மற்றப் பக்கம். அது ஒரு இழை கூடிப்போக, முதல் பக்கத்தைச் சரிப்படுத்தினா. அது குறைந்துபோக, மற்றப் பக்கத்தை. இரண்டு பூனைக்கு அப்பம் பங்கிட்ட குரங்கின் கதைதான். நிலத்தைப் பார்த்தபோது ஒரு சாண் நீளத்துக்குக் கறுப்புச் சுருள்கள் கிடந்தன. போதாக்குறைக்கு என்னுடையது அலைமுடி. ஈரத்தில் இழுபட்டு நீண்டு நிற்கும், காய்ந்ததும் மேலே ஏறிவிடும். வீட்டுக்கு வந்து சேர இன்னும் இரண்டு விரல் குறைந்திருந்தது.

அந்த அக்காவை நான் இப்போது குறை சொல்வதில்லை. அவ பார்த்தது கோடு நேராக இருக்கிறதா என்பதை. கீழ் விளிம்பு நேராக வந்தால் வேலை முடிந்தது என்பது அவவின் கணக்கு. எனக்கு வேண்டியதோ வெடித்த முடி போவது மட்டும்தான். இரண்டும் வேறு வேறு வேலை என்று இருவருக்கும் தெரிந்திருக்கவில்லை.

அம்மா ஏன் பேசாமல் போனார் என்பதைச் சொல்ல வேண்டும்.

போரின் கடைசிக் காலம், 2009 ஏப்ரலில் மாத்தளன் பக்கமாக வெளியே வந்து செட்டிகுளம் அகதி முகாமில் இருந்தோம். எனக்குப் பதினொரு வயது. பௌசர் வரும்வரை வாளியோடு வரிசையில் நிற்க வேண்டும். கிடைக்கிற தண்ணீர் குடிக்கவும் சமைக்கவும் சரி. தலை முழுக எங்கே போவது? கூடாரத்துக்குள் எல்லோர் தலையிலும் பேன். அம்மா இரவலாக ஒரு கத்தரிக்கோல் வாங்கிவந்து என் தலையை ஒட்ட வெட்டிவிட்டார். அக்காவின் தலையிலும் பேன்தான், என்னுடையதைவிடக் கூட. ஆனால் அக்காவுக்குப் பதினேழு வயது. முடி குட்டையாக இருக்கிற இளம்பிள்ளைகளை, இயக்கத்தில் இருந்தவர்களோ என்று எல்லோரும் ஒரு மாதிரிப் பார்த்த நேரம் அது. அம்மா அக்காவின் பின்னலைத் தொடவில்லை. பகல் முழுக்க அவளை மடியில் சாய்த்து, ஒவ்வொன்றாக, கையாலேயே பேன் எடுத்தார். ஈரை நகத்தால் உருவி எடுத்தார். மாதக்கணக்காக.

பிறகு எனக்கு வளர்ந்த முடியில் அம்மா கத்தரியே படவிடவில்லை. 2011 இல் விசுவமடுவுக்குத் திரும்பினோம். தகரக் கொட்டிலில் இருந்து கல்வீட்டுக்கு வந்தோம். பள்ளிக்கூடத்துக்கு இரட்டைப் பின்னல் பின்னி றிபன் கட்டிப் போகிற அளவுக்கு அது வளர்ந்து, 2016 இல் இடுப்புக்குக் கீழே நான்கு விரல் வந்திருந்தது. பார்லரில் நிலத்தில் கிடந்தது முகாமில் முளைத்த முடி. அம்மாவுக்கு அது தெரியும். எனக்குப் பிறகுதான் உறைத்தது.

இப்படி ஒரு வீட்டில், "வெட்டினால்தான் நீளம் நிற்கும்" என்று சொல்லிப் புரியவைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. எனக்கே புரிய இரண்டு வருடம் எடுத்தது.

முதலில் ஒரு பொய்யைத் தள்ளிவைப்போம். நுனியை வெட்டினால் முடி வேகமாக வளரும் என்று ஊரெல்லாம் சொல்வார்கள். முருங்கையைத் தறித்தால் தழைக்கிறதே என்று உதாரணமும் காட்டுவார்கள். முருங்கைக் கொப்புக்கு உயிர் இருக்கிறது. தோலுக்கு வெளியே வந்துவிட்ட முடிக்கு இல்லை. உயிர் இருப்பது தோலுக்குள் புதைந்திருக்கிற வேரில் மட்டும்தான். கீழே கத்தரி போட்டது மேலே வேருக்குத் தெரியவராது. மாதம் ஒரு சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் மேலே, வருடம் 15 சென்ரிமீற்றர் அளவில், அது தன்பாட்டில் வளரும். வெட்டினாலும் அதே, வெட்டாவிட்டாலும் அதே.

அப்படியென்றால் ஏன் வெட்ட வேண்டும்? இடுப்புவரை தொங்குகிற முடியின் நுனிக்கு ஐந்து ஆறு வயது. அந்த ஐந்தாறு வருட வெயில், காற்று, சீப்பு, துவாய் முறுக்கு எல்லாவற்றையும் வாங்கியது நுனிதான். முடியின் மேலே மீன் செதில் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஒரு போர்வை இருக்கிறது. அது தேய்ந்து உதிர்ந்தால் உள்ளே இருக்கிற நார்கள் பிரிந்துவிடும். கயிற்று நுனி சிலிம்புகிறதே, அதுபோல. பிரிந்தது அதோடு நிற்காது. மேலே மேலே கிழிந்துகொண்டு போய், எங்காவது பாதியில் முறியும். இரண்டு நூல் வெட்டியிருந்தால் போயிருக்கும் இடத்தில் இரண்டு இஞ்சி போய்விடும். வேர் கொடுக்கிறதை நுனி தின்றுவிட, "என்ர முடி வளருதே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருப்போம். வளருகிறது, கீழே உடைகிறது, அவ்வளவுதான்.

அக்கா இதற்குச் சாட்சி. முகாமில் தப்பிய பின்னலை அவள் அதற்குப் பிறகும் வெட்டவில்லை. கலியாணம் கட்டும்போது பின்னலின் மேற்பகுதி என் மணிக்கட்டு மொத்தம், கீழே எலிவால். குஞ்சம் கட்டி மறைத்தோம். வருடக்கணக்காக நீளம் ஒரே இடத்தில் நின்றது.

(இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு முடிக்கும் வளருகிற காலம் ஒன்று உண்டு. இரண்டு வருடத்தில் இருந்து ஏழு வருடம்வரை, ஆளுக்கு ஆள் மாறும். அது முடிந்தால் விழுந்து, அதே இடத்தில் புதிது முளைக்கும். நாளுக்கு ஐம்பது நூறு முடி கொட்டுவது இதனால்தான், அதற்குப் பயப்படத் தேவையில்லை. ஆகவே எவ்வளவு கவனமாக இருந்தாலும் சிலருக்கு முழங்கால்வரை வராது. அம்மம்மாவுக்கு வந்ததாம். வீட்டுக் கதைகளில் எல்லா அம்மம்மாக்களுக்கும் வந்திருக்கிறது.)

வன்னியில் நுனி வெடிக்க வேறு காரணம் தேட வேண்டியதில்லை. சோளகக் காற்று பிடித்தால் மாதக்கணக்கில் புழுதியும் வறட்சியும்தான். நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்துக்குப் பரந்தன் முல்லைத்தீவு றோட்டால் ஸ்கூட்டியில் போகிறேன். முதல் வருடம் ஹெல்மெட்டுக்குக் கீழே பின்னலைத் தொங்கவிட்டுப் போனேன். அது முதுகில் அடித்து அடித்து, வருட முடிவில் நுனி தும்புக்கட்டை மாதிரி ஆகிவிட்டது. இப்போது பின்னலைச் சட்டைக்குள் விட்டு, மேலே ஒரு துணியால் சுற்றிக்கொள்கிறேன். ஆசிரியர் அறைக்குப் போய்த்தான் வெளியே எடுப்பேன். பார்க்க அழகாக இருக்காது. வழியில் யாரும் என்னைப் பெண்பார்க்க நிற்கவில்லை.

அப்புறம் தண்ணீர். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்திலில் கொதிக்கவைத்தால் நான்கு நாளில் அடியில் வெள்ளையாகக் கட்டிப்பிடிக்கும். அந்தக் கல்சியம்தான் தலையிலும் படிகிறது. சவர்க்காரம் நுரைக்காது, முடி காய்ந்ததும் வைக்கோல் மாதிரி மொறமொறக்கும், சீப்பு இறங்காது. இறங்காத சீப்பை இழுத்தால் முறியும். மாரியில் பீலித் தண்ணீரைப் பீப்பாவில் பிடித்து, கடைசி அலசலுக்கு மட்டும் அதை எடுப்போம். கோடையில் ஒரு வாளித் தண்ணீருக்குப் பாதித் தேசிக்காய் பிழிந்து ஊற்றுவேன். அதற்கு மேல் பிழிந்தால் முடிதான் காயும். முழுகுவதற்கு முதல்நாள் இரவே நுனிக்குத் தேங்காய் எண்ணெய். முடிக்குள்ளே ஊறிப்போகிற எண்ணெய்களில் அது ஒன்று. வெடிப்பதைத் தள்ளிப்போடும். ஆனால் வெடித்ததை ஒட்டவைக்காது. செவ்வரத்தை, வெந்தயம், கரிசலாங்கண்ணி, கடைகளில் விற்கிற சீரம், எதுவும் ஒட்டவைக்காது. வெடித்த நுனிக்கு மருந்து கத்தரிதான்.

சரி, எவ்வளவு, எத்தனை நாளைக்கொருக்கா? பார்லர்களில் ஆறு கிழமைக்கு ஒருமுறை ஒரு இஞ்சி என்று சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். வருடத்தில் எட்டு ஒன்பது தடவை. இருபது சென்ரிமீற்றருக்கு மேல் போகும். வளர்வது பதினைந்து. நீங்கள் காசு கொடுத்து முடியைக் குட்டையாக்கிக்கொண்டிருக்கிறீர்கள். தோள்வரை முடி வைத்திருப்பவர்களுக்கு அந்த வழக்கம் பொருந்தலாம், நீளம் வளர்க்கிறவர்களுக்கு இல்லை. நான் விளிம்பு வெட்டுவது வருடத்தில் இரண்டே தடவை, ஒவ்வொரு தடவையும் மூன்று நூல். இரண்டு சென்ரிமீற்றர்கூட வராது. மற்றதெல்லாம் பொறுக்கல்தான்.

பொறுக்கல் என்பது எங்கள் வீட்டுப் பெயர். நீளத்தில் கைவைக்காமல், வெடித்த முடிகளை மட்டும் தேடி ஒவ்வொன்றாக நுனி கிள்ளுவது. இதை எனக்குச் செய்வது யார் தெரியுமா? அம்மா.

ஆரம்பத்தில் நானே கண்ணாடிக்கு முன்னால் இருந்து செய்தேன். பின்பக்கம் எட்டவில்லை. முன்னால் இரண்டு பக்கமாகப் பிரித்துப் போட்டு வெட்டினால், பிடரியில் இருந்து வருகிற முடி சுற்றிவர வேண்டியிருப்பதால் அது நீளமாக நின்று, பின்னால் நடு இறங்கிய வளைவாக வரும். சிலர் அதை விரும்பியே செய்கிறார்கள். எனக்கு அது வேண்டாம். ஒருநாள் சிலிம்பிய முடி ஒன்றை அம்மாவிடம் காட்டி, "இதுதான் அம்மா, பாம்பு நாக்கு மாதிரிப் பிளந்திருக்கிறது தெரியுதோ" என்றேன். அம்மா வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். என்னைத் திருப்பி இருத்தினார். ஐந்து நிமிடத்தில் முப்பது எடுத்துவிட்டார். பேன் பார்த்த கை அல்லவா.

வற்றாப்பளை அம்மன் கதையை எங்கள் பக்கம் தெரியாதவர் இல்லை. நந்திக்கடலோரம் மாடு மேய்த்த சிறுவர்களிடம் கிழவி வடிவில் வந்த கண்ணகி பொங்கல் கேட்டாள், விளக்குக்கு எண்ணெய் இல்லை என்றபோது கடல்நீரை விட்டு எரிக்கச் சொன்னாள், பிறகு தலை கடிக்கிறது, பேன் பாருங்கள் பிள்ளைகள் என்றாள். அவர்கள் முடியை விலக்கிப் பார்த்தால் தலை முழுவதும் கண்கள். வைகாசிப் பொங்கலுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த இடம்தான் நினைவுக்கு வரும். தெய்வமே ஆனாலும் தலையைக் கொடுத்துவிட்டு அடங்கி இருக்க வேண்டிய வேலை இது.

நாங்கள் செய்கிற விதத்தைச் சொல்கிறேன். முழுகி, எண்ணெய் இல்லாமல், முழுதாகக் காய்ந்த முடி. ஈரமுடியில் வெடிப்பு தெரியாது. காலை வெயில் ஏறுவதற்கு முன்னம் விறாந்தையில் இருப்போம். அம்மா மடியில் ஒரு வெள்ளைத் துணி விரிப்பார். கறுப்பு முடியின் பிளவு வெள்ளையில்தான் பளிச்சென்று தெரியும். பென்சில் மொத்தத்துக்கு ஒரு கற்றை எடுத்து மெல்ல முறுக்கினால் குட்டையான முடிகள் பக்கவாட்டில் சிலிர்த்து நிற்கும். இங்கேதான் பலர் பிழை விடுகிறார்கள். சிலிர்ப்பதையெல்லாம் வெட்டித் தள்ளுவார்கள். அதில் பாதி புதிதாக முளைத்து ஏறிவருகிற நல்ல முடி. அதன் நுனி ஊசி மாதிரிக் கூராக இருக்கும். வெடித்ததன் நுனி கவையாக இருக்கும், அல்லது ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும். அந்தப் புள்ளி இருக்கிற இடத்தில் அது முறியக் காத்திருக்கிறது. கவை தொடங்குகிற இடத்துக்கு இரண்டு நூல் மேலே வெட்ட வேண்டும். பிளவிலேயே வெட்டினால் மிச்சம் ஒரு மாதத்தில் திரும்பக் கிழியும்.

ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதனால் முழுநிலவு விடுமுறையான போயா நாளில்தான் செய்வோம், பள்ளிக்கூடம் இல்லை. இரண்டு மூன்று போயாவுக்கு ஒருமுறை போதும். முழுநிலவுக்கு முன் வளர்பிறையில் வெட்டினால் வளரும் என்பது அம்மாவின் நம்பிக்கை. லீவு நாள் என்பது என் காரணம். வெள்ளி செவ்வாயில் போயா வந்தால் அம்மா கத்தரியைத் தொட மாட்டார். நான் வாதாடுவதில்லை. கத்தரி அவர் கையில் இருக்கிறது.

கத்தரி என்றதும் அப்பா வந்துவிடுவார். முடிவெட்டுகிற கத்தரி ஒன்று கிளிநொச்சியில் வாங்கினோம். சலூன்காரர் பாவிப்பது, ஐந்தரை இஞ்சி. அம்மா அதால் ஒருநாள் பால்மாப் பைக்கற் வெட்டிவிட்டார். அப்பா அன்று பேசிய பேச்சு! ஆனால் அவர் சொன்னது சரி. மழுங்கிய கத்தரி முடியை வெட்டாது, நசிக்கும். நசிந்த நுனி அடுத்த கிழமையே வெடிக்கும். அன்றில் இருந்து அது எண்ணெய்த் துணியில் சுற்றி, அப்பாவின் உளிப்பெட்டிக்குள் பூட்டில் இருக்கிறது. கேட்டுத்தான் வாங்க வேண்டும். கொடுக்கும்போது ஒவ்வொருமுறையும் அதே கேள்வி.

விளிம்பு வெட்டுகிற நாளில் நான் எழுந்து நிற்பேன். கதிரையில் இருந்தால் நீளமுடி சாய்மணையில் மடங்கும். நேரே பார்த்து, தோளிரண்டும் சமமாக. பிடரியில் தட்டுப்படுகிற எலும்பில் இருந்து நுனிவரை அம்மா தையல் நாடாவால் அளந்து சொல்ல, நான் கொப்பியில் எழுதுவேன். முடியைத் தாழ்வாக ஒரு கட்டு, அதற்குக் கீழே நுனிக்கு ஒரு சாண் மேலே இன்னொரு கட்டு, பிறகு அந்தக் கீழ்க்கட்டை மெல்ல வழுக்கி வெட்டவேண்டிய இடத்துக்கு இறக்குவோம். அடிமட்டத்தை வைத்து மூன்று நூல் பார்த்து, கட்டுக்குக் கீழே சின்னச் சின்னக் கொறிப்பாக. ஒரே வெட்டில் இல்லை. கோணலாக வந்தால் அந்தத் தடவை கோணலாகவே விட்டுவிடுவோம். திருத்தப் போனால் குரங்கு வந்துவிடும். ஆறு மாதத்தில் அடுத்த வெட்டுக்கு அதை நேராக்கலாம். பின்னல் பின்னுகிறவளுக்கு விளிம்பு நேராக இருந்தென்ன, கோணலாக இருந்தென்ன? விரித்துவிட்டுத் திரிகிறவர்களுக்குத்தான் அந்தக் கவலை.

அடி மொத்தமாக, தடித்த கரையாக வேண்டும் என்றால் அதற்கு விலை நீளம்தான். பின்னல் மெலிகிற இடத்தில் வெட்டினால்தான் அது வரும். அக்காவுக்கு நாங்கள் ஒரே நாளில் அதைச் செய்யவில்லை. வருடத்தில் வளர்கிறதில் பாதியை வெட்டி, பாதியை விட்டு, மூன்று வருடத்தில் எலிவால் போய்விட்டது. நீளம் குறைந்த மாதிரி ஒருநாளும் தெரியவில்லை. முதல்தடவை வெட்ட அம்மாவுக்குக் கை வரவில்லை. நான்தான் வெட்டினேன். அம்மா விழுந்த துண்டுகளைப் பொறுக்கித் தாளில் மடித்து எங்கோ வைத்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை.

என் கொப்பியில் கடைசியாக எழுதியிருப்பது 81 சென்ரிமீற்றர். பார்லரில் போன சாண் எப்போதோ திரும்பி வந்துவிட்டது.

போன போயாவுக்கு வழக்கம்போல விறாந்தையில் இருந்தோம். அம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இடதுபக்கம் முடித்து வலதுபக்கம் தொடங்கியிருந்தார். திடீரென்று கை நின்றுவிட்டது. கத்தரியைத் துணியில் வைத்துவிட்டு, இரண்டு கைவிரலாலும் உச்சியை விலக்கினார்.

"என்ன அம்மா, நிறைய வெடிச்சிருக்கோ?"

"உன்ரை வகுப்பிலை எத்தனை பிள்ளையள்?"

"முப்பத்திரண்டு. ஏன்?"

அம்மா பதில் சொல்லவில்லை. நகத்தில் நசித்த ஒன்றை என் முகத்துக்கு முன்னால் கொண்டுவந்து காட்டிவிட்டு, உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"இஞ்சாருங்கோ, கத்தரி இண்டைக்குப் போதும். அந்தப் பேன்சீப்பு எங்கை கிடக்கு?"